ஊரடங்கும் ஆக்ஸிஜன் படுக்கையும்: 2021 மே மாதத்தை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நாட்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. நான் மருத்துவர் இல்லை. அந்த இரண்டு மாதமும் தெரிந்தவர்களுக்குப் படுக்கை தேடிக்கொண்டு போனும் கையுமாக அலைந்தவன். அப்போது புரியாத பலதும் அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது புரிந்தது.

ஊரடங்கு போட்டால் நோய் போய்விடுமா?

போகாது. ஒரே வாரத்தில் வரவேண்டிய நோயாளிகளை நாலைந்து வாரங்களுக்குப் பரத்திவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" சின்ன விஷயம் இல்லை. ஆயிரம் பேருக்கு ஆக்ஸிஜன் தேவை, ஊரில் இருப்பது முந்நூறு படுக்கை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரும் ஒரே வாரத்தில் வந்தால் எழுநூறு பேர் வாசலில் நிற்பார்கள். ஐந்து வாரத்தில் வந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இடம் கிடைக்கும். நோய் அதேதான், நோயாளிகள் எண்ணிக்கையும் அதேதான். இறப்பு மட்டும் மாறும்.

கொள்ளளவு என்றால் எத்தனை கட்டில் இருக்கிறது என்பதுதானே?

இந்த ஒரு குழப்பத்தால்தான் அந்த மே மாதம் பாதிச் சண்டை நடந்தது. கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் வரிசை வரிசையாகக் கட்டில் போட்டதை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஆக்ஸிஜன் குழாய் வந்தால்தான் அது கொரோனாவுக்குப் படுக்கை. ராத்திரி மூன்று மணிக்கு நோயாளியின் ஆக்ஸிஜன் அளவு குறைந்தால் வந்து பார்க்க ஒரு செவிலியரும் வேண்டும்.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். மே இரண்டாம் வாரம், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 86 சதவீதம்தான். அரசின் படுக்கை நிலவர இணையதளத்தில் பக்கத்து ஊர் மருத்துவமனையில் ஆறு படுக்கை காலி என்று போட்டிருந்தது. போனோம். கட்டில் ஆறும் கண்ணெதிரே காலியாகத்தான் கிடந்தன. "குழாயில் அழுத்தம் இல்லை, இந்தக் கடைசி வரிசைக்கு வந்து சேராது, இங்கே படுக்க வைத்தால் ஆபத்து" என்று அங்கிருந்த பெண் மருத்துவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. ஒரு வார்டுக்கு நாலைந்து பேர் ஆக்ஸிஜனில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பதித்த குழாயில் அத்தனை பேரையும் மாட்டினால், கடைக்கோடிப் படுக்கைக்குக் காற்று சன்னமாகத்தான் வரும்.

சிலிண்டர் கணக்கையும் பாருங்கள். ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்கும் நோயாளிக்கு அது பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. மூக்கு வழியாக அதிவேகமாகச் செலுத்தும் கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அப்படிப் போனால் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. அதனால் பெரிய மருத்துவமனைகள் திரவ ஆக்ஸிஜன் தொட்டியை நம்பித்தான் ஓடின. ஒரு டன் திரவ ஆக்ஸிஜன் ஆவியானால் 750 கன மீட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்ற கணக்கில் அது ஐம்பது பேருக்கு ஒரு நாள் மூச்சு.

அடுத்தது ஆட்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்றிரண்டு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பதுதான் முறை. முழுக் கவச உடையில் ஆறு மணி நேரத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. முப்பது படுக்கை என்றால் ஒரு ஷிஃப்டுக்குப் பதினைந்து பேர், நாளுக்கு நான்கு ஷிஃப்ட், ஆக அறுபது பேர். விடுப்பும் தனிமைப்படுத்தலும் சேர்த்தால் எண்பது பேர் வேண்டும். அதில் பத்துப் பேருக்கே கொரோனா வந்துவிட்டால்? வந்தது. எண்பது செவிலியர்களை எந்தக் கடையில் வாங்குவது?

ஆக்ஸிஜன் தமிழ்நாட்டிலேயே தயாராகிறதே, அப்புறம் ஏன் தட்டுப்பாடு?

தயாரானது உண்மை. ஸ்ரீபெரும்புதூரில் பெரிய ஆலை இருக்கிறது. ஆனால் தொற்று உச்சத்தில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை மத்திய அரசு ஒதுக்கீடு செய்தது. 2021 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது நாளுக்கு 220 டன். செலவோ அப்போதே 310 டன்னைத் தொட்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஆந்திரா, தெலங்கானாவுக்குத் திருப்பிவிட்டதை நிறுத்தச் சொல்லி அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மே மாதம் ஒதுக்கீடு 419 டன்னாக உயர்ந்தது. மே 14ஆம் தேதி மேற்கு வங்கத்தின் துர்காபூரில் இருந்து முதல் ஆக்ஸிஜன் ரயில் தண்டையார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது. 2018 முதல் மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையைக்கூட, உச்ச நீதிமன்ற அனுமதியுடன், ஆக்ஸிஜனுக்காக மட்டும் திறந்தார்கள். அந்த முடிவு அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆலையில் ஆக்ஸிஜன் இருந்தும் நோயாளிக்கு வந்து சேராததற்கு இன்னொரு காரணம் டேங்கர். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கிற திரவத்தைப் பால் லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. அதற்கென்று செய்த டேங்கர்கள் நாட்டில் எண்ணி வைத்த அளவுதான் இருந்தன. தமிழ்நாட்டுக்கு இருபது டன் கூடுதலாக ஒதுக்கினாலும் ஏற்றிவர வண்டி கிடைக்காவிட்டால் அது காகிதத்தில் இருக்கிற ஆக்ஸிஜன்தான்.

சென்னை ஜி.எச். வாசலில் 108 வண்டிகள் வரிசை கட்டி நின்றது ஏன்?

உள்ளே ஒரு படுக்கை காலியானால்தான் வண்டியில் இருப்பவரை இறக்க முடியும் என்ற நிலைமை. அதுவரைக்கும் ஆம்புலன்ஸே வார்டு. வண்டி வாசலில் நின்றால் அடுத்த தெருவில் நெஞ்சுவலி வந்தவருக்கு வண்டி இல்லை. ஒரு மருத்துவமனை நிரம்புவது கொரோனா வராதவரையும் கொல்லும் வழி இது.

இதற்குப் பலன் கொடுத்த மருந்து சாதாரணமானது. சென்னை ஜி.எச். என்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாசலை ஒட்டியே ஒரு வார்டை ஒதுக்கி, வந்தவுடன் ஆக்ஸிஜன் மாட்டி, அப்புறம் யாருக்கு எந்த வார்டு என்று பிரித்தார்கள். லேசான காய்ச்சலோடு பயத்தில் ஓடி வந்தவர்களை மாநகராட்சியின் பரிசோதனை மையங்களுக்குத் திருப்பினார்கள். டாக்ஸி கார்களை ஆம்புலன்ஸாக மாற்றினார்கள். மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஒரு கட்டளை மையம் வைத்து, எங்கே படுக்கை காலி என்று ஒரே இடத்தில் பார்த்துச் சொன்னார்கள். புதுப் படுக்கை ஒன்றுகூடச் சேர்க்காமல் இருப்பதை ஒழுங்காகப் பிரித்தாலே கொள்ளளவு கூடும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

ரெம்டெசிவிர் வரிசையும் இதில் சேர்த்தியா?

கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில், அப்புறம் ஒரு நாள் நேரு ஸ்டேடியத்தில், ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்துக்காகச் சீட்டோடு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள். ஊரடங்கு நடக்கும்போது அரசே நடத்திய கூட்டம் அது. இத்தனைக்கும் இறப்பைத் தடுப்பதில் அந்த மருந்துக்குச் சொல்லும்படியான பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2020 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. கடைசியில் மருத்துவமனைகளுக்கு நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்ததும் வரிசை கலைந்தது.

ஊரடங்கை எப்போது போட வேண்டும்? மருத்துவமனை நிரம்பும்போதா?

நிரம்பும்போது போட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். தொற்றிய நாளில் இருந்து காய்ச்சல் வர ஐந்து நாள், மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு வர இன்னும் ஒரு வாரம். இன்றைக்குக் கதவை மூடினாலும், ஏற்கெனவே தொற்றியவர்கள் அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

நோயாளிகள் வாரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள் என்றால், பாதிப் படுக்கை நிரம்பிய மருத்துவமனை இன்னும் ஒரே வாரத்தில் முழுதாக நிரம்பும். முடிவின் பலன் தெரிய இரண்டு வாரம் ஆகும். ஆக, கால்வாசி நிரம்பியிருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். முக்கால்வாசி கட்டில் காலியாகக் கிடக்கும்போது கடையை அடை என்று சொல்ல எந்த அரசுக்கும் மனசு வராது. ஜனங்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பயம் வந்தால்தான் கேட்பார்கள், பயம் வரும்போது படுக்கை இருக்காது. இந்தச் சிக்கலுக்கு யாரும் வழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல். அதுவரை தெருத்தெருவாகப் பிரசாரம். 20ஆம் தேதி இரவு ஊரடங்கு. 25ஆம் தேதி முதல் ஞாயிறு முழு ஊரடங்கு, மறுநாள் முதல் தியேட்டர், மால், சலூன் மூடல். மே 2 வாக்கு எண்ணிக்கை. மே 6 முதல் மளிகைக் கடை பகல் 12 மணி வரை. மே 7ஆம் தேதி மு.க. ஸ்டாலின் பதவியேற்றார். 10ஆம் தேதி முழு ஊரடங்கு. இரண்டு வாரமாவது தாமதம் என்பது என் கருத்து. காபந்து அரசு ஒன்று, வரப்போகிற அரசு ஒன்று என்று இருந்த ஏப்ரலில், கடுமையான முடிவை எடுக்க ஆள் இல்லை.

சரி, மே 10 ஊரடங்கு பலன் கொடுத்ததா?

மாநில அளவில் தினசரித் தொற்று மே 21ஆம் தேதி 36,184 என்று உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கியது. ஊரடங்கு தொடங்கிப் பதினோராம் நாள். மேலே சொன்ன கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இறப்பு இன்னும் தள்ளித்தான் உச்சம் தொட்டது: மே 30ஆம் தேதி ஒரே நாளில் 493 பேர்.

ஆனால் சென்னை உச்சம் தொட்டது மே 12ஐ ஒட்டி. ஊரடங்கு போட்டு இரண்டே நாளில் எந்த ஊரடங்கும் பலிக்காது. ஏப்ரல் கடைசியில் வந்த கட்டுப்பாடுகளும், செய்தியைப் பார்த்து ஜனங்கள் தாங்களாகவே வெளியே போகாமல் இருந்ததும், வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு வந்த மாநகராட்சிப் பணியாளர்களும்தான் சென்னையில் வேலை செய்திருக்க வேண்டும். முழு ஊரடங்கு இல்லாமலே இறங்கியிருக்கும் என்பவர்கள் சென்னையைக் காட்டுவார்கள், ஊரடங்கால்தான் இறங்கியது என்பவர்கள் மாநிலக் கணக்கைக் காட்டுவார்கள். இரண்டு பேர் கையிலும் ஆதாரம் இருக்கிறது.

கோவை இன்னொரு கதை. சென்னை இறங்கிக்கொண்டிருந்தபோது அங்கே ஏறியது. மே கடைசி வாரத்தில் தினசரித் தொற்றில் சென்னையையே தாண்டியது. முதல்வர் கவச உடை போட்டுக்கொண்டு அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குள் போனது அப்போதுதான். ஜூன் 7ஆம் தேதி தளர்வு கொடுத்தபோது கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், தஞ்சாவூர் உட்பட 11 மாவட்டங்களுக்கு மட்டும் குறைவாகக் கொடுத்தார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் பார்த்துக் கொடுத்த அந்த முறையை ஆரம்பத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

ஊரடங்குக்கு முன்னால் கடைகளைத் திறந்துவிட்டது சரியா?

சரியில்லை. மே 8, 9 இரண்டு நாள் எல்லாக் கடைகளையும் திறந்தார்கள். 24ஆம் தேதி தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கும் முன் 22, 23 தேதிகளில் மறுபடியும், கூடவே வெளியூர்ப் பேருந்துகளும். தி.நகர் கூட்டத்தையும் டாஸ்மாக் வரிசையையும் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது. பலன் கொடுக்கப் போகிற ஊரடங்கின் முதல் வாரத்தை அந்த இரண்டு நாளிலேயே செலவழித்துவிட்டோம். திடீரென்று மூடினாலும் தப்புதான். 2020 மார்ச்சில் நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டையே மூடியதில் நடந்தே ஊருக்குப் போனவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். 24ஆம் தேதிக்குப் பிறகு வண்டிகளில் காய்கறியைத் தெருவுக்கே அனுப்பினார்கள். அந்த வண்டிகளை முதலிலேயே தயார் செய்துவிட்டு ஊரடங்கை அறிவித்திருந்தால் கூட்டத்துக்கே வேலை இருந்திருக்காது.

அன்றாடம் காய்ச்சிகள் என்ன செய்வார்கள்?

அரிசி அட்டைதாரர்கள் 2 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மே மாதம் 2,000 ரூபாய், ஜூனில் இன்னொரு 2,000 ரூபாயும் 14 மளிகைப் பொருள் பையும் கொடுத்தார்கள். ஒரு சித்தாளின் மூன்று நான்கு நாள் கூலி அந்த 2,000. ஊரடங்கோ ஒரு மாதத்தை நெருங்கியது. மிச்ச நாட்களைக் கந்துவட்டிக்காரர் பார்த்துக்கொண்டார்.

இதை இரக்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வயிறு காய்ந்தால் ஆள் வெளியே வந்தே தீருவார், ஊரடங்கு ஓட்டையாகும், அப்புறம் ஜி.எச். வாசலில்தான் அது தெரியும். நிவாரணப் பணம் ஆக்ஸிஜன் செலவோடு சேர்த்துப் போட வேண்டிய கணக்கு. இன்னொரு பக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகள் விலக்கோடு ஓடிக்கொண்டிருந்தன. தொழிலாளர்களே எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் மே கடைசியில் சில ஆலைகள் சில நாட்கள் மூடின. டீக்கடைக்குப் பூட்டு, அசெம்பிளி லைனுக்கு அனுமதி என்றால் யார் மதிப்பார்கள்?

படுக்கையைக் கூட்டிவிட்டால் ஊரடங்கே தேவையில்லையே?

கூட்டினார்கள். பயிற்சி மருத்துவர்களை இறக்கினார்கள், ஒப்பந்தச் செவிலியர்களை எடுத்தார்கள், தனியார் மருத்துவமனைகளில் பாதிப் படுக்கையை ஒதுக்கச் சொன்னார்கள், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் கொரோனா சிகிச்சையைச் சேர்த்தார்கள். அதனால் தப்பித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் படுக்கை ஐந்நூறு ஐந்நூறாகக் கூடும், தொற்று இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகும். ஓட்டப் பந்தயத்தில் கொஞ்ச தூரம் கூட ஓடலாம், ஜெயிக்க முடியாது.

கொரோனா இல்லாத நோயாளிகள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். கொரோனா வார்டு எதுவும் வானத்தில் இருந்து இறங்கவில்லை, வேறு ஒரு வார்டைக் காலி செய்துதான் வந்தது. அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. கண்புரை, குடலிறக்கம் எல்லாம் காத்திருக்கும் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் வேண்டியவர் காத்திருக்க முடியாது, பஸ் இல்லாத ஊரில் இருந்து ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்து வந்தார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஜி.எச்.சுக்குப் போகப் பயந்து, மாத்திரையையே நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அந்த ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தது. அது மே மாதத்தில் இருந்திருந்தால் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

2022 ஜனவரியிலும் தினம் 30 ஆயிரம் பேருக்கு வந்ததே, அப்போது ஏன் முழு ஊரடங்கு இல்லை?

ஒமைக்ரான் அலை. தொற்று எண்ணிக்கை மே மாதத்தை நெருங்கியது, ஆனால் ஆக்ஸிஜன் படுக்கைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. நாளொன்றுக்கு இறப்பு ஐம்பதை ஒட்டி நின்றது, முன்பு ஐந்நூறை ஒட்டிப் போனது. நடுவில் செப்டம்பரில் இருந்து ஊர் ஊராக நடந்த மெகா தடுப்பூசி முகாம்களும், ஏற்கெனவே பாதிப் பேருக்கு மேல் தொற்று வந்துபோனதும், வைரஸின் சுபாவமும் சேர்ந்த பலன் அது. அரசு இரவு ஊரடங்கும் மூன்று ஞாயிறு முழு ஊரடங்கும் போட்டு, ஜனவரி 28 முதல் அதையும் எடுத்துவிட்டது. தொற்று எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் படுக்கையைப் பார்த்து முடிவெடுத்த முதல் தடவை என்று அதைச் சொல்வேன். இரவு ஊரடங்கு மட்டும் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எங்கள் ஊரில் நாய்கள்தான் கூட்டம் கூடும்.

மறுபடி இப்படி ஒன்று வந்தால் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

டிவியில் ஓடும் தினசரித் தொற்று எண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை, பரிசோதனையைக் குறைத்தால் அதுவும் குறையும். உங்கள் மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் ஆக்ஸிஜன் படுக்கையில் எத்தனை பேர் என்பதைத் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வையுங்கள். போன வாரம் இதே கிழமை எவ்வளவு, இந்த வாரம் எவ்வளவு என்று பார்த்தால் இரட்டிப்பாகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மொத்தப் படுக்கையில் கால்வாசி தாண்டி, வாரத்துக்கு வாரம் இரட்டிப்பானால், அரசு அறிவிக்கும்வரை காத்திருக்காமல் வீட்டுக் கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்கள். இணையதளத்தில் "காலி" என்று போட்டிருந்தால் ஒரு தடவை போன் செய்து, குழாயில் அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சித்தப்பா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்று ராத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தாலுகா மருத்துவமனையில் இடம் கிடைத்தது. பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.